குற்றப்புதினத்தில் உளவியலாளர்: நான்கு சொற்களும் அவற்றின் பொறுப்பும்

1. முன்னுரை

கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் அமைந்த பகுதி ஊரிகம். சுரங்கத் தொழிலுக்காக வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறியோரின் வழிவந்த தமிழர் இங்குப் பெருந்தொகையினர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன; மொழிச்சூழல் மாறவில்லை. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் கன்னடம், அண்டை அயலில் தெலுங்கு, மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் ஆங்கிலம் என நான்கு மொழிகளுக்கு இடையே இவ்வூரார் நாள்தோறும் சொற்களைக் கைமாற்றி வருகின்றனர்.

இத்தகைய சூழலில் வாழும் வாசகர், கொலையின் மருமத்தை உளவியலாளர் விடுவிக்கும் கதைகளைத் தமிழில் படிக்கும்போதும் பார்க்கும்போதும் உளநோய் பற்றிய சொற்களையும் உடன் கற்கின்றார். பொழுதுபோக்குக்காகக் கற்ற அச்சொற்கள் பின்னர் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்திற்கும் அவருடன் செல்கின்றன. அவ்வகையில் முதன்மை பெறும் நான்கு சொல்லாட்சிகளை ஆராய்ந்து, மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க தெரிவுகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வகையின் தோற்றம்

உளவியலாளரைத் துப்பறிவாளராகக் காணும் எண்ணம் புதினத்திற்கு மட்டும் உரியதன்று. 1906இல் வியன்னாவில் சட்ட மாணவர்க்கு ஆற்றிய உரையில் சிக்மண்ட் பிராய்டு இவ்விருவர் பணியையும் ஒப்பிட்டார். மறைந்திருப்பதை வெளிக்கொணர்வது இருவர்க்கும் பொது. ஆனால் குற்றவாளி தான் அறிந்ததைப் பிறரிடமிருந்து மறைக்கிறான். உளநோயாளியோ தானே அறியாத ஒன்றைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறான். இவ்வேறுபாட்டைப் பிராய்டு அன்றே வற்புறுத்தினார். பின்வந்த புதினங்கள் பல ஒற்றுமையை ஏற்றுக்கொண்டு வேறுபாட்டை விட்டுவிட்டன.

ஆங்கிலத்தில் கிளாடிஸ் மிட்செல் 1929இல் பிராட்லி அம்மையாரையும், எலன் மக்லாய் 1938இல் பேசில் வில்லிங்கையும் படைத்தனர். உளநூல் அறிவினால் கொலையை ஆராயும் தொடர்நாயகர்களுள் இவர்கள் முன்னோடிகள். 1985இல் ஜோனதன் கெல்லர்மனின் அலெக்ஸ் டெலவேர், 1993இல் ஜேம்ஸ் பேட்டர்சனின் அலெக்ஸ் கிராஸ், 1995இல் வால் மக்டெர்மிடின் டோனி ஹில் ஆகியோர் தோன்றியபின் இது தனி வகையாகவே நிலைபெற்றது.

நடைமுறையோ கதையைப்போல் எளிதாக அமையவில்லை. 1992இல் இலண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டபோது, உளவியலாளர் ஒருவர் வரைந்தளித்த குற்றவாளியின் உளச்சித்திரத்தைத் துணையாகக் கொண்டு காவல்துறை ஒருவரைக் குறிவைத்தது. அவருக்கு விரிக்கப்பட்ட வலையை நீதிபதி கண்டித்து, 1994இல் வழக்கைத் தள்ளினார். உண்மைக் கொலையாளி வேறொருவர் என்பது 2008இல்தான் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. உளச்சித்திரம் ஒரு கருதுகோள். சான்று அன்று என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

3. தமிழில் உளவியலாளரின் இடம்

தமிழ்க் குற்றப்புதினத்தின் தொடர்நாயகர்களை நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். ராஜேஷ்குமாரின் விவேக் குற்றப்பிரிவு அலுவலர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் துப்பறியும் நிறுவனம் நடத்துவோர். இவ்வரிசையில் உளவியலாளர் இல்லை. அவருக்குத் தரப்படும் இடம் பெரும்பாலும் கதையின் இறுதிப் பகுதியாகும். அங்கு அவர் வந்து நோயின் பெயரைச் சொல்லி விளக்கம் தருகிறார், கதை முடிகிறது. இந்த அமைப்பை உலகெங்கும் பரப்பியதில் 1960இல் வெளிவந்த இட்ச்காக்கின் 'சைக்கோ' திரைப்படத்திற்குப் பெரும்பங்கு உண்டு. அதன் இறுதிக்காட்சியில் உளநோய் மருத்துவர் ஒருவரே அனைத்தையும் விளக்குகிறார்.

சுஜாதாவின் 'ஆ..!' இவ்வமைப்பிலிருந்து ஓரளவு விலகுகிறது. தனக்கு மட்டும் கேட்கும் குரல்களால் அலைக்கழிக்கப்படும் ஒருவனின் உள்ளிருந்தே அக்கதை நகர்வதால், நோய் இறுதியில் அறிவிக்கப்படும் விடையாக இல்லாமல் தொடக்கம் முதல் வாசகர் உடன் வாழும் துன்பமாக அமைகிறது.

திரைப்படத்தில் உளவியலாளர் நாயகனாகும் நிலையைக் காணலாம். 1993இல் மலையாளத்தில் வெளியான 'மணிச்சித்திரத்தாழ்', 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எனவும், 2005இல் தமிழில் 'சந்திரமுகி' எனவும் உருப்பெற்றது. மூன்றிலும் உளநோய் மருத்துவரே வீட்டிலுள்ளோரை ஐயுற்று, தடயம் தேடி, மருமத்தை விடுவிக்கிறார். ஒரே கதையை அடுத்தடுத்த ஆண்டுகளில் கன்னடத்திலும் தமிழிலும் காணும் வாய்ப்பு, ஊரிகம் போன்ற இருமொழிச் சூழலில் வாழ்வோர்க்கு இயல்பாகக் கிட்டியது.

4. முதற்சொல்: 'மனோதத்துவ நிபுணர்'

கன்னடத்தில் 'மனோவைத்ய' என்பது மருத்துவரையும், 'மனஃசாஸ்திரஜ்ஞ' என்பது உளவியல் அறிஞரையும் குறிக்கும். தெலுங்கிலும் 'மானசிக வைத்யுடு', 'மனஸ்தத்வ சாஸ்த்ரவேத்த' என இருவேறு சொற்கள் உண்டு. தமிழ்ப் புனைகதையில் நெடுநாள் வழங்கிய 'மனோதத்துவ நிபுணர்' இவ்விருவரையும் ஒருங்கே சுட்டியது. மருந்து எழுதுபவரும் அவரே. சோதனை நடத்துபவரும் அவரே. காவல்துறைக்கு அறிவுரை கூறுபவரும் அவரே. எல்லாம் வல்ல இக்கதைமாந்தரை ஒருவகையில் இச்சொல்லே உருவாக்கியது எனலாம்.

நடைமுறையில் இவை தனித்தனித் தொழில்கள். உளநோய் மருத்துவர் மருத்துவப் பட்டத்தின்மேல் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெறுபவர்; உளவியற் சோதனையும் உளச்சிகிச்சையும் அவர் பணிகள்; மருந்து எழுதுவது அவர் பணியன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இருவரையும் தனித்தனியே வரையறுக்கிறது. இன்று 'உளவியலாளர்', 'மனநல மருத்துவர்' என்னும் தெளிவான இணை தமிழில் உள்ளது. டெலவேரையும் டோனி ஹில்லையும் தமிழாக்குவோர் அவர்களை 'உளவியலாளர்' என்றும், 'சந்திரமுகி' நாயகனைப் பற்றி எழுதுவோர் அவரை 'மனநல மருத்துவர்' என்றும் குறிப்பதே பொருத்தமாகும்.

5. இரண்டாம் சொல்: 'மனச்சிதைவு'

1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், பிளத்தலையும் மனத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து 'ஸ்கிசோபிரினியா' என்னும் பெயரை ஆக்கினார். எண்ணம், உணர்வு, செயல் ஆகியவை தம்முள் இசைவிழத்தலையே அவர் கருதினார்; ஒருவருள் இருவர் வாழ்வதை அன்று. ஆயினும் பெயரின் வேர்ப்பொருள், ஆங்கிலப் பொதுவழக்கில் இந்நோயையும் ஆளுமைப் பிளவையும் ஒன்றாக்கியது.

தமிழ்க் கலைச்சொல் இங்கு மூலத்தைவிடச் சிறந்து நிற்கிறது. 'பிளவு' என்பது ஒன்று இரண்டாதல். 'சிதைவு' என்பது கட்டமைப்புக் குலைதல். 'மனச்சிதைவு' பிளாய்லரின் கருத்துக்கு நெருக்கமானது. எனினும் புதினங்களிலும் திரைப்படங்களிலும் இச்சொல்லை 'அதாவது, ஒருவருக்குள் இரண்டு ஆள்' என்று விளக்கும் போக்கு, சொல் தந்த தெளிவைக் கெடுத்துவிடுகிறது. 2005இல் வெளியான 'அந்நியன்' படத்தில் காட்டப்படும் பன்முக ஆளுமை வேறு நோய்நிலை. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 1994லேயே அதன் ஆங்கிலப் பெயரை மாற்றிவிட்டது. 'விலகல் அடையாளக் கோளாறு' என்னும் தமிழாக்கம் அப்புதுப் பெயருக்கு ஒத்தது.

பெயரின் விளைவு சிறிதன்று. 'மனம் பிளந்த நோய்' என்னும் பொருள்படும் சொல்லை யப்பான் நாடு 2002இல் கைவிட்டு, 'ஒருங்கிணைவுக் குறை' என்னும் பொருள்படும் சொல்லை ஏற்றது. அதுவரை நோயின் பெயரை நோயாளியிடம் நேரே சொல்ல மருத்துவர்கள் தயங்கிவந்தனர். மாற்றத்திற்குப்பின் இரண்டே ஆண்டுகளில், பெயர் அறிவிக்கப்பட்ட நோயாளிகளின் விழுக்காடு மூன்றில் ஒரு பங்களவிலிருந்து மூன்றில் இரண்டு பங்கைக் கடந்ததாக ஆய்வு காட்டியது. சொல் மாறியதும் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே பேச்சு எளிதாயிற்று.

6. மூன்றாம் சொல்: 'சைக்கோ'

ஆங்கிலத்தில் 'சைக்காட்டிக்', 'சைக்கோபாத்' என்பன முதற்பகுதி ஒத்த, பொருளால் வேறுபட்ட சொற்கள். முன்னது மெய்ம்மையுடன் தொடர்பு அறுந்த நோயாளியைக் குறிக்கும். பின்னது மெய்ம்மையை நன்கறிந்தும் பிறர் துன்பம் உணராதவரைக் குறிக்கும். எர்வி கிளெக்லி 1941இல் வெளியிட்ட நூல் அப்பொருளை நிலைநாட்டியது. தமிழ் நாளிதழ் வழக்கில் பிற்பகுதி கெட்டுச் 'சைக்கோ' என நின்றபோது வேறுபாடும் உடன் கெட்டது. எஞ்சியது கொலை என்னும் பொருள் ஒன்றே. பெங்களூர்ச் சிறையிலிருந்து 2013இல் தப்பிப் பின் பிடிபட்ட ஒருவரின் பெயர்முன் இச்சொல் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. வீடுகளில் மருந்துண்டு அமைதியாக வாழும் நோயாளியையும் அண்டை வீட்டார் இதே சொல்லால் குறிப்பதே இவ்வழக்கின் கேடாகும்.

மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைக் கதைமாந்தர் வாயில் மட்டும் வைத்தல் தகும். ஆசிரியர் கூற்றிலும் உளவியலாளரின் கூற்றிலும் முன்னவரை 'உளப்பிணியர்' என்றும், பின்னவரை 'அறவுணர்வற்ற ஆளுமையர்' என்றும் வேறுபடுத்தலாம்.

7. நான்காம் சொல்: 'உண்மை கண்டறியும் சோதனை'

மூச்சு, நாடித்துடிப்பு, வியர்வை ஆகியவற்றின் மாற்றங்களைப் பதியும் கருவியை ஆங்கில மக்கள் வழக்கு 'பொய் காட்டி' என்றது. தமிழ் இதழியல் அதனை 'உண்மை கண்டறியும் சோதனை' ஆக்கியதோடு, மயக்கமருந்து செலுத்தி வினவும் முறையையும் அதே பெயரால் வழங்குகிறது. கருவி அளப்பது உடலின் கிளர்ச்சியை. பெயர் அறிவிப்பதோ உண்மையை. அஞ்சிய நிரபராதிக்கும் நாடி துடிக்கும். மயக்கத்தில் இருப்பவர் கற்பனையையும் கூறுவார். பிராய்டு சுட்டிய வேறுபாடு இங்கு மீண்டும் மறக்கப்படுகிறது.

கருநாடகத்திலிருந்து எழுந்த செல்வி வழக்கில் உச்சநீதிமன்றம் 2010 மே 5ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, இசைவின்றி இச்சோதனைகளை நடத்துவது அரசமைப்பின் 20(3), 21ஆம் உறுப்புகளுக்கு மாறானது என்றது. 'மெய்ப்பாட்டுப் பதிவுச் சோதனை', 'மயக்கமருந்து வினவல்' எனச் செய்கையைக் கூறும் பெயர்களே நடுநிலையானவை. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு உடலில் தோன்றுதலைக் குறிக்கும் தொல்காப்பிய மரபுச்சொல் ஆதலின், இவ்விடத்திற்கு நன்கு பொருந்தும்.

8. நீதிமன்றத்தில் ஒரு தொடர்

இச்சொற்கள் சென்றடையும் இடத்தை ஊரிகத்திலிருந்து காணலாம். கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஒருவனின் தாய், கன்னடத்தில் நடைபெறும் நீதிமன்றத்தில், 'அந்த நேரத்துல அவனுக்கு மனசு சரியில்ல' என்று தமிழில் சாட்சியம் கூறுவதாகக் கொள்வோம். இத்தொடர் துயரத்தையும் குறிக்கும், கோபத்தையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். கன்னடத்து 'மனஸ்ஸு சரி இல்ல' என்பதிலும் இந்த இருபொருள் நிற்கும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் 'தலெ சரி இல்ல' என்று தந்தால் அது பித்து என்றாகிவிடும். அதனையே ஆங்கிலப் பதிவில் சட்டத்தொடராக மாற்றினால், தாய் சொல்லாத வாதம் ஒன்று அவர் வாயில் வைக்கப்படுகிறது. மாறாக வெறும் வருத்தம் என்று பெயர்த்தால், உண்மை நோயாளி ஒருவன் தனக்குரிய காப்பினை இழக்கக்கூடும்.

சட்டம் கேட்பது நோயின் பெயரையன்று. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும், அதற்கு முன்னிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும் கேட்பவை ஒன்றே: செயலைச் செய்த அந்நேரத்தில், சித்த சுவாதீனமின்மையால், அச்செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டத்திற்கு மாறானது என்பதையோ அவர் அறிய இயலாதிருந்தாரா? நோய் இருந்தும் இந்த அறிவு இருந்திருக்கலாம். ஆகவே மருத்துவர் கூறும் நோயும் சட்டம் கூறும் சித்த சுவாதீனமின்மையும் ஒன்றல்ல. நோயின் பெயரைச் சொன்னதும் வழக்கு முடிந்துவிடும் கதைகள் மறைப்பது இவ்வுண்மையையே.

இத்தகைய சாட்சியத்தில் மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது, பொருளைத் தாமே தீர்மானிக்காமல் தமிழ்த் தொடரை அவ்வாறே பதியச் செய்து, அதன் பலபொருள் தன்மையை நீதிமன்றத்தின் பார்வைக்கு வைப்பதாகும். 'மனசு சரியில்லை என்றால் எப்படி இருந்தான்?' என்னும் அடுத்த வினாவை எழுப்பும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டு. விடையை முந்திக்கொள்ளும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை.

9. முடிவுரை

உளவியலாளர் துப்பறியும் புதினம் வாசகர்க்குப் பிடித்த வகையாகத் தொடரும். அதனைத் தமிழாக்குவோர் தொழிலைக் குறிக்கும்போது அவரவர் பணியையும், நோயைக் குறிக்கும்போது அதன் இயல்பையும், சோதனையைக் குறிக்கும்போது அதன் செய்கையையும் சொல்லும் பெயர்களைத் தெரிவு செய்தல் வேண்டும். கொலையாளியைக் குறிக்க நோயாளியின் பெயரைக் கடன்வாங்காதிருத்தல் வேண்டும். கதையின் விறுவிறுப்பு இதனால் குறைவதில்லை. ஊரிகத்துத் தாய் தன் மகனுக்கு நேர்ந்ததை மருத்துவரிடமோ நீதிபதியிடமோ எடுத்துரைக்க வேண்டிய நாளில், அவர் அறிந்த தமிழ்ச்சொற்கள் அவருக்குத் துணைநிற்கும்.