வாயிலில் விட்ட நெருப்புப் பெட்டி

திருகோணமலையிலே சீனக்குடாவை அடுத்த காட்டினுள் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. பிரித்தானியர் தம் கடற்படைக் கப்பல்களின் தேவைக்கென இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே எழுப்பியவை அவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. எண்ணெய் உள்ள இடத்தில் நெருப்பு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இத்தகைய இடம் உலகின் எப்பகுதியில் இருப்பினும், உள்ளே செல்பவர் சிகரட்டையும் நெருப்புப் பெட்டியையும் வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்பது மாறாத விதி. மா ஆலைகளிலும் இவ்விதியே வழங்குகிறது. காற்றிற் பறக்கும் மாத்தூளும் ஒரு பொறி பட்டால் வெடிக்கும் தன்மையது.

இவ்விதியைக் குறித்துச் சற்றே சிந்திப்போம். நாளொன்றுக்கு இருபது சிகரட் புகைக்கும் தொழிலாளி ஒருவர் இத்தகைய வாயிலைக் கடந்து உள்ளே செல்கிறார். நான்கு மணி நேரம் கழித்து உணவுக்கு வெளியே வரும்வரை அவர் கையில் புகையில்லை. தலை சுழன்று விழுந்துவிடவும் இல்லை; வேலையும் கெடவில்லை. அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்கும்போது அரை மணிக்கொரு முறை முற்றத்துக்கு எழுந்து செல்கிறார். “விட முடியவில்லையே, என்ன செய்வது!” என்று மனைவியிடம் அங்கலாய்க்கிறார். திங்களன்று நான்கு மணி நேரம் முடிந்தது, ஞாயிறன்று அரை மணி நேரம் முடியாமற்போவது ஏன்? சிகரட்டை விட விரும்பும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி இது.

துறைமுகத்துக்கு வந்த பழக்கம்

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் புகையாமைக்கு ஒன்று வகுக்கவில்லை. அக்குறை அவருடையதன்று, புகையிலைச் செடி அமெரிக்க மண்ணிலிருந்து கடல் கடந்து கீழ்த்திசைக்கு வந்தது ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே. வந்தபின் அது நம்மிடம் வேரூன்றக் காலம் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர்வரை சென்று பொருளீட்டியது. யாழ்ப்பாணச் சுருட்டு இலங்கை முழுவதும் பெயர் பெற்றது.

திருகோணமலைக்கோ சுருட்டோடு சிகரட்டும் சேர்ந்து வந்தது. போர்க்காலத்தில் பிரித்தானியக் கீழைக் கடற்படையின் தளமாய் விளங்கிய ஊர் இது. மாலுமிகளுக்கு வரி நீக்கிய விலையில் புகையிலை கிடைத்து வந்தமை அக்கடற்படையின் பழைய வழக்கம். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையின் கைக்கு வந்தது, கப்பல்கள் போயின, புகை மட்டும் போகவில்லை. ஜோன் பிளேயர் என்னும் ஆங்கிலப் பெயர் தாங்கிய சிகரட் உறையிலே, மிதவை வளையத்தினுள் தாடி வளர்த்த மாலுமி ஒருவனின் முகம் நெடுங்காலம் நம்மை நோக்கியிருந்தது. கடலின் வீரமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் அடங்கியிருப்பதாக இளைஞர் எண்ணினர். 2015ஆம் ஆண்டு முதல் பெட்டியின் நூற்றுக்கு 80 பங்கு இடத்தை நோயின் படங்கள் பிடித்துக்கொண்டன. வீரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது எதுவென்று இப்போது பெட்டியே சொல்கிறது.

உடல் கேட்பது எவ்வளவு?

புகையிலுள்ள நிக்கொற்றீன் என்னும் பொருள், உள்ளிழுத்த சில விநாடிகளிலேயே மூளையை அடைந்துவிடுகிறது. அங்கே ஒரு சிறு இன்பத்தை எழுப்பிவிட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திற் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறைந்ததும் மனம் அமைதியிழக்கிறது; எரிச்சல் வருகிறது; கவனம் சிதறுகிறது. அடுத்த சிகரட் அந்த எரிச்சலைத் தணிக்கிறது. “சிகரட் என் மனக்கவலையைப் போக்குகிறது” என்று புகைப்பவர் நம்புவது இதனாலேயே. முந்திய சிகரட் மூட்டிய தவிப்பைத்தான் பிந்திய சிகரட் அணைக்கிறது என்பதை அவர் காண்பதில்லை. கடனை அடைக்க மீண்டும் கடன் வாங்குபவனின் கணக்கு இது.

இத்தவிப்பு மெய்யானது, அதை இகழ்ந்து பேசுவது அறியாமை. முற்றாக நிறுத்தியவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள் கடுமையாக இருக்கும். உறக்கம் கெடலாம், பசி மிகலாம், பிள்ளைகள்மீது காரணமின்றிச் சீறவும் கூடும். ஆயினும் முதல் வாரத்தோடு இதன் வேகம் தணியத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் உடலின் கோரிக்கை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் 41 நாள் மாலை அணிந்து விரதம் காக்கும் ஐயப்ப பக்தரை நினைத்துப் பாருங்கள். அத்தனை நாளும் சிகரட்டைத் தொடாதவர், மாலை கழற்றிய அன்றைக்கே கடைக்குச் செல்வதை நாம் காணவில்லையா? அவருடைய உடல் அப்போது அதைக் கேட்கவில்லை. உடல் எப்போதோ விடுதலை பெற்றுவிட்டது. கிண்ணியாவிலும் மூதூரிலும் றமழான் மாதத்திலே விடியல் முதல் அந்திவரை பீடியைத் தொடாத எத்தனையோ கடற்றொழிலாளர் உண்டு. நீரும் அருந்தாத அந்த நீண்ட பகலைப் பொறுத்தவருக்கு, நோன்பு திறந்தபின் ஒரு நாழிகை பொறுப்பது அரிதாகிவிடுகிறது. இங்கே வேட்கையை எழுப்புவது உடலின் தேவை மட்டுமன்று. “இனிப் புகைக்கலாம்” என்ற எண்ணமே அதை எழுப்புகிறது.

இது வெறும் ஊகமன்று. இஸ்ரேல் நாட்டு உளவியலாளர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, ஓய்வுநாளில் நெருப்பைத் தொடாத யூத சமயத்தவரைப் பற்றியது. புகைப்பழக்கமுள்ள அவர்களுக்கு ஓய்வுநாளில் வேட்கை குறைவாகவே இருந்தது. வேறொரு வேலைநாளில் புகைக்காதிருக்கச் சொன்னபோதோ அது மிகுந்தது. அந்நாட்டவர் 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், விமானத்திற் பணிபுரியும் புகைப்பழக்கமுள்ளோரைக் குறும்பயணத்திலும் நெடும்பயணத்திலும் கேட்டறிந்தனர். குறும்பயணம் முடிந்து விமானம் இறங்கும் வேளையில் வேட்கை உச்சத்தில் நின்றது. நெடும்பயணத்தின் நடுவே அதே அளவு நேரம் கழிந்திருந்தும் வேட்கை அவ்வாறு ஏறவில்லை. கடைசிச் சிகரட்டுக்குப் பின் கழிந்த நேரம் ஒன்றே. வேறுபட்டதெல்லாம், அடுத்த சிகரட் எவ்வளவு அருகில் இருக்கிறது என்னும் எண்ணமே.

எண்ணெய்க் குதத்து வாயிலின் மறைபொருளும் இதுவே. வாயிற்காவலர் நெருப்புப் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, “புகைப்போமா, வேண்டாமா?” என்னும் வழக்கையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. ஆகவே மனம் வாதாடுவதில்லை. வீட்டிலோ அவ்வழக்கு அரை மணிக்கொரு முறை விசாரணைக்கு வருகிறது. விட நினைப்பவர் செய்ய வேண்டியது, தம் வீட்டு வாசலிலும் தம் நாளிலும் அப்படியொரு வாயிலைத் தாமே அமைத்துக்கொள்வதாகும்.

வாயிலை அமைக்கும் வகை

முதலாவது, “குறைத்துப் பார்ப்போம்” என்பதினும், நாள் குறித்து முற்றாக விடுவதே பலருக்கும் நன்மை தருகிறது. குறைப்பவருக்கு அடுத்த சிகரட் எப்போதும் அருகிலேயே இருக்கிறது. ஆகவே வேட்கையும் அருகிலேயே இருக்கிறது. நாளைக் குறித்தபின் வீட்டிலுள்ள பெட்டி, சாம்பற் கிண்ணம், லைற்றர் யாவும் அந்நாளுக்கு முந்திய இரவே வெளியேற வேண்டும். அடுப்பு மூட்டும் நெருப்புப் பெட்டியை வீட்டுக்காரி வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, இடங்களை அறிந்துகொள்ள வேண்டும். வேட்கை வெற்றிடத்தில் எழுவதில்லை. தேநீர்க் கோப்பை, இரவுச் சோற்றுக்குப் பிந்திய வெற்றுநேரம், வலை இழுத்துக் கரையேறிய களைப்பு, பேருந்து நிலையத்துக் காத்திருப்பு, மதுப் போத்தல், பழைய நண்பரின் தோள் என்று அது குடியிருக்கும் வீடுகள் உண்டு. அவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பவர், தம்மை வருத்துவது ஆறேழு இடங்கள்தாம் என்று கண்டு வியப்பார். முதல் மூன்று வாரம் அவ்விடங்களைச் சுற்றிச் செல்வது கோழைத்தனமன்று. புயற் சின்னம் கண்டால் தோணியை உட்துறைமுகத்தில் நிறுத்துவது திறமையான தண்டயலின் வழக்கமன்றோ? தேநீரைக் கடைவாசலிற் குடித்தவர் வீட்டுத் திண்ணையிற் குடிக்கட்டும். அல்லது சில நாளைக்கு மல்லித் தண்ணீருக்கு மாறட்டும். மதுவைப் பொறுத்தமட்டில் சுற்றிச் செல்வதொன்றே வழி. குடித்த மயக்கத்தில் உடைந்த உறுதிகளே அதிகம்.

மூன்றாவது, அலையின் இயல்பை அறிதல். புகைவேட்கை எழுந்தால் அது ஏறிக்கொண்டே போய் நம்மை விழுங்கிவிடும் என்று அஞ்சுகிறோம். உண்மையில் அது சில நிமிடங்களில் உச்சமடைந்து தானே தணிகிறது. கடற்கரையில் வளர்ந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை; பேரலையை மார்பு கொடுத்து எதிர்ப்பவன் புரண்டுபோவான், அதன்மேல் மிதந்து கொடுப்பவன் காலூன்றுவான். “இன்னும் ஐந்து நிமிடம்” என்று மட்டும் தவணை சொல்லிக்கொண்டு கைக்கும் வாய்க்கும் வேலை கொடுப்பதே மிதக்கும் கலை. ஒரு குவளை நீரைச் சிறிது சிறிதாக அருந்தலாம். ஒரு கராம்பையோ ஏலக்காயையோ வாயில் அடக்கிக்கொள்ளலாம். கச்சான் கோது உடைப்பது விரல்களுக்கு நல்ல வேலை. டச்சுக்குடாக் கரையோரம் ஒரு கல் தொலைவு விரைந்து நடப்பவர் திரும்பும்போது அலை போயிருக்கும். ஒவ்வொரு முறை வெல்லும்போதும் அடுத்த அலை சற்றே சிறுத்து வரும்.

வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்வதை மாற்றாகக் கொள்ளலாகாது; அது வாய்ப் புற்றுநோய்க்குத் திறந்த மற்றொரு கதவு.

நான்காவது, துணை. எவருதவியுமின்றி ஒரு முறை முயல்வோரில் ஆண்டு முடியும்வரை நிலைப்பவர் நூற்றுக்கு ஐவரே ஆவர் என்பது பல நாட்டு அனுபவம். இது மனந்தளரச் சொன்னதன்று. துணை தேடச் சொன்னது. நிக்கொற்றீனைச் சிறு அளவில் தந்து தவிப்பைத் தணிக்கும் மெல்லும் பசையும் தோலில் ஒட்டும் வில்லையும் வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவற்றை வைத்தியரின் ஆலோசனையோடு கொள்க. புகையிலையை விட விரும்புவோருக்கென 1948 என்னும் தொலைபேசி எண்ணும் இந்நாட்டில் உண்டு. நாடு விடுதலை பெற்ற ஆண்டு அது. நினைவில் நிற்பது எளிது. எல்லாவற்றினும் பெரிய துணை இல்லத்தார். முதல் வாரத்துச் சினத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனைவியும், “இன்று எத்தனையாவது நாள், அப்பா?” என்று கேட்கும் பிள்ளையும் மருந்தினும் மேலானவர்கள்.

தவறி ஒன்று புகைத்தவர் “எல்லாம் போயிற்று” என்று பெட்டி வாங்குவதே மெய்யான வீழ்ச்சி. நிலையாக விட்டவர்களிற் பெரும்பாலோர் முன்பு பல முறை முயன்று தவறியவர்களே.

ஊரும் வாயிலாகலாம்

தனி மனிதன் அமைக்கும் வாயிலை ஊரும் சட்டமும் சேர்ந்து உறுதிப்படுத்தலாம். 2003இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதோருக்குச் சிகரட் விற்பதைத் தடுத்தது, விளம்பரத்தையும் நிறுத்தியது. 2017ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திலும் தெற்கிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களின் கடைக்காரர்கள் எவர் கட்டளையுமின்றிச் சிகரட் விற்பனையைக் கைவிட்டனர். இலாபத்தை விட்டுக்கொடுத்த அக்கடைக்காரர், விட விரும்பிய எத்தனையோ பேருக்கு வாயிற்காவலரானார்.

காலம் கடந்துவிட்டதென எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. புகைக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் இலண்டனில் நிறுவியவர்களுள் ஒருவரான றிச்சட் டோல், தம் ஆய்வின் முடிவு தெளிந்ததும் தாமே புகைப்பதை விட்டவர். பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்து அவரும் துணைவரும் 2004இல் தந்த கணக்கு இது: அறுபதில் விட்டவர் ஏறத்தாழ மூன்றாண்டு ஆயுளை மீட்கிறார், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் பத்து. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கோணேசர் கோயிற் குன்றேறுவதற்கு மூன்றாண்டே கிடைப்பினும் அது சிறு கொடையன்று.

நான்கு மணி நேரம் புகையின்றி உழைத்தவர், ஒரு பகல் நோன்பு காத்தவர், 41 நாள் மாலை அணிந்தவர் ஆகிய இவர்களெல்லாம் தம்மால் முடியாது என்று சொல்வது பொருந்தாது. அவர்கள் அதைச் செய்து காட்டியவர்கள். செய்ததன் பெயரை மட்டும் அறியாதிருக்கிறார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போது நெருப்புப் பெட்டியைத் திரும்பப் பெறாமல் வீட்டுக்கு நடக்கத் துணியும் ஒரு மாலைப்பொழுதே இனி வேண்டுவது.