டிராக்டர் விளக்கு மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது எர்த்

கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டருக்கு இரவு பகல் கிடையாது. ஆலை வாசலில் வரிசையில் நின்று, லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்ப நடுநிசி ஆகிவிடும். லோடோடு போகும்போதே இருட்டிவிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் முன் விளக்கு இரண்டில் ஒன்று அணைந்திருந்தால், எதிரே வரும் பஸ் டிரைவருக்கு டிராக்டர் ஒரு மோட்டார் சைக்கிளாகத்தான் தெரியும். பின்னால் டிரெய்லரின் அகலத்தையும் தாண்டிக் கரும்பு நீட்டிக்கொண்டிருப்பது கிட்டே வரும்வரை அவருக்குத் தெரியாது. சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு, உதயத்துக்கு அரை மணிக்கு முன்வரை, பொது வழியில் ஓடும் வண்டியில் விளக்கு எரிந்தாக வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன.

பல வருஷம் ஓடிய டிராக்டரில் விளக்கு மங்கினால் உடனே பல்பை மாற்றுவதுதான் வழக்கமாக இருக்கிறது. அதிலும் சரியாகவில்லை என்றால் பாட்டரியை மாற்றிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவான பிறகும் விளக்கு முன்போலவே மினுக்கும். பாட்டரியைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்ப் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் தேவை. 45 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்துத் தேவைப்படுவது 7½ ஆம்பியர்தான். காலையில் செல்ப் நன்றாக எடுக்கிற டிராக்டரில் விளக்கு மட்டும் மங்குகிறது என்றால், பழுது பெரும்பாலும் பாட்டரிக்கும் பல்புக்கும் இடையில் இருக்கிறது.

மின்சாரம் திரும்பும் வழி

டிராக்டரில் பாட்டரியிலிருந்து சுவிட்ச், பியூஸ், டிம்-பிரைட் சுவிட்ச் வழியாக பல்புக்கு மின்சாரம் போக ஒயர் இருக்கிறது. அது பாட்டரிக்குத் திரும்ப பெரும்பாலும் தனி ஒயர் இருப்பதில்லை. விளக்குச் சட்டம், மட்கார்டு, பானெட், என்ஜின் என்று வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே திரும்புகிறது. இதைத்தான் எர்த் என்கிறோம். புது வண்டியில் இதில் தொந்தரவு இல்லை. சேற்றிலும் மழையிலும் உழைத்த வண்டியில் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். பொங்கலுக்காகவோ ஆயுத பூஜைக்காகவோ பெயிண்ட் அடித்த பிறகு விளக்கு மங்கிப்போனால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விளக்கைக் கழற்றி, உட்காரும் இடத்திலும் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டால் இரும்பும் இரும்பும் தொடுவதில்லை.

வழியில் கொஞ்சம் மின்சாரம் தடைபட்டால் என்ன என்று நினைக்கக் கூடாது. 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10.8 வோல்ட்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், வோல்ட்டில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு. வெளிச்சத்தில் குறைவது ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு ஒயர் போதும். விளக்கை எரியவிட்டு, ஒயரின் ஒரு முனையை பாட்டரியில் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கும் முனையில் பிடிக்க வேண்டும். மறு முனையை விளக்கின் இரும்புக் கூட்டில், பெயிண்ட் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். கூடு பிளாஸ்டிக்காக இருந்தால் பல்பு ஹோல்டரிலிருந்து வரும் எர்த் ஒயரின் முனையில் வைக்கலாம். உடனே விளக்கு பளிச்சென்று எரிந்தால் குற்றம் எர்த்தில்தான். மின்சாரம் வரும் பின்னில் ஒயர் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பட்டால் பியூஸ் போய்விடும். பியூஸ் இல்லாத பழைய வண்டியில் ஒயரே பழுத்துவிடும்.

பிறகு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்க வேண்டும். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் மறுபடி துரு ஏறாது. இதைவிட நல்ல வழி, ஒவ்வொரு பல்பு ஹோல்டரிலிருந்தும் ஒரு தனி எர்த் ஒயரை என்ஜின் உடம்புக்கு இழுத்துவிடுவது. பாட்டரியிலிருந்து உடம்புக்கு வரும் பட்டையான எர்த் கேபிளையும் இரு முனையிலும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். டிம் போட்டால் பார்க்கிங் விளக்கு லேசாக மினுக்குவது, இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிப்பது போன்ற விசித்திரங்களுக்கும் பெரும்பாலும் எர்த்தே காரணம். நேர் வழி அடைபட்டதால் மின்சாரம் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

ஒயரில் கை வைக்கும் முன் பாட்டரியில் உடம்போடு சேர்ந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இப்போது ஓடும் வண்டிகளில் அது நெகட்டிவ் முனை. மிகப் பழைய இங்கிலாந்து மாடல் சிலவற்றில் பாசிட்டிவ் முனை உடம்போடு சேர்ந்திருக்கும். பார்த்துச் செய்வது நல்லது. பாட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வெளியேறும் வாயு வெடிக்கக்கூடியது.

எது எரியவில்லை?

எர்த் சரியாக இருந்தும் விளக்கு வரவில்லை என்றால், எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். ஒரு பக்க விளக்கில் டிம் மட்டும் வரவில்லை என்றால் பல்பின் ஒரு இழை போயிருக்கும். இரண்டு பக்கமும் டிம் வராமல் பிரைட் மட்டும் வந்தால் இரண்டு பல்பும் ஒரே நாளில் போயிருக்க நியாயம் குறைவு. டிம்-பிரைட் சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும். எதுவுமே எரியவில்லை என்றால் பியூஸ், மெயின் சுவிட்ச், அங்கே வரும் ஒயர். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலி கடித்த ஒயரைத் தேடுவதும் வீண் வேலை அல்ல.

ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கச் சிறிய பல்பை உபயோகிப்பது சரியல்ல. ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாமல் இருக்கும் ஒயரிலும் சிறு பல்பு ஜோராக எரிந்து ஏமாற்றிவிடும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் வைத்துப் பார்த்தால் பலவீனமான இணைப்பு தெரிந்துவிடும்.

என்ஜின் மெதுவாக ஓடும்போது மங்கி, வேகம் கூட்டினால் பிரகாசிப்பது டைனமோ வைத்த பழைய டிராக்டர்களின் இயல்பு. அது ஓரளவுக்குப் பழுதல்ல. வேகம் கூட்டியும் மங்கலாகவே இருந்தால் பெல்ட்டையும் டைனமோவையும் பார்க்க வேண்டும். பல்பு அடிக்கடி போனால் ரெகுலேட்டரைச் சோதிப்பது நல்லது. 12 வோல்ட் வண்டியில் சார்ஜ் 15 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போடுவது இப்போதும் நடக்கிறது. இரண்டு பல்புக்கு 16 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பழைய டிராக்டர்களில் வந்த சிறிய டைனமோக்கள் சில, முழு வேகத்திலும் 11 ஆம்பியர்தான் தரும். மீதி பாட்டரியிலிருந்து போகும். சுவிட்சும் மெல்லிய ஒயரும் சுடும். பியூஸ் போனதும் சிகரெட் காகிதத்தையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைப்பது இதைவிட மோசம். சுட்ட ஒயரிலிருந்து பொறி வைக்கோல் லோடில் விழுந்தால் டிரெய்லரோடு போய்விடும். வண்டிக் கையேட்டில் சொன்ன அளவு பியூஸ் இரண்டைக் கருவிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

அதே பெட்டியில் இருக்க வேண்டிய இன்னொன்று, நடுவில் 10 ஆம்பியர் பியூஸ் வைத்த நீளமான ஒயர் ஒன்று. வழியில் விளக்கு அணைந்து, காரணம் பிடிபடாவிட்டால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஹெட்லைட்டுக்கு வரும் டிம் ஒயரின் இணைப்பைக் கழற்றி, பாட்டரியின் உடம்போடு சேராத முனையிலிருந்து இந்த ஒயர் வழியாக நேரே பல்புக்கு மின்சாரம் கொடுக்கலாம். சூடான என்ஜினிலும் பேன் பெல்ட்டிலும் ஒயர் உரசாமல் கட்டிக்கொள்ள வேண்டும். இப்படிக் கொடுத்த விளக்கு சுவிட்சுக்கு அடங்காது. வீடு சேர்ந்ததும் ஒயரைக் கழற்ற மறந்தால் இரவு முழுவதும் எரிந்து, காலையில் செல்ப் எடுக்காது.