தும்மல் தரும் மரம் எது?

பூங்காவில் தும்மல் வந்தால் பழி குல்மோகர், சரக்கொன்றை மீதுதான் விழும். அவை பெரும்பாலும் அப்பாவிகள். அவற்றின் பளிச்சென்ற நிறம் பூச்சிகளுக்கு வைத்த அழைப்பு. பூச்சியை நம்பும் பூக்களின் மகரந்தம் பொதுவாகப் பிசுபிசுப்பானது, கனமானது. பூச்சியின் மேல் ஒட்டும், இல்லையென்றால் மரத்தடியிலேயே உதிரும். காற்றை நம்பும் மரத்துக்கு அலங்காரம் எதற்கு? அது லேசான மகரந்தத்தை அள்ளி இறைக்கும். எங்கோ ஒரு துகள் பெண்பூவைச் சேர்ந்தால் போதும். மிச்சத்தில் கொஞ்சம் நம் மூக்குக்கு.

விழுப்புரம் மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்பு. அதன் ஆண்பூ, கிளை நுனியில் பழுப்பு நிறத் துரும்பாக இருக்கும். பூ என்றே பலருக்குத் தெரியாது. கண்டாச்சிபுரம் பக்கம் பனை. அதில் ஆண்பனைப் பாளைதான் மகரந்தம் உதிர்க்கும், பெண்பனை நுங்கு தரும். ஏரிக்கரையெல்லாம் வேலிகாத்தான். அதைத் தேனீயும் நாடும், ஆனால் மகரந்தம் காற்றிலும் ஏராளமாகப் பறக்கும். இந்த மூன்றுமே ஒவ்வாமை தரும் மகரந்தங்களாக ஆய்வாளர்கள் பதிவு செய்தவை.

மகரந்தத்தில் விஷம் ஒன்றும் இல்லை. அதன் புரதத்தைச் சிலரின் உடல் எதிரி என்று நினைத்து ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அதே மகரந்தம் மறுபடி வரும்போது ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் சுரக்கும். மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். துகள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு, மூன்று பங்கு இருக்கும். நுரையீரலின் ஆழத்துக்குப் போக முடியாத பருமன் அது. ஆனால் ஈரத்தில் வெடித்துச் சிதறினால் கதை வேறு. 2016 நவம்பரில் மெல்போர்னில் இடிமழையோடு புல் மகரந்தம் சிதறி, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள்.

இப்போது சிக்கியிருப்பது கோனோகார்பஸ். மருத மரத்தின் குடும்பம்தான், ஆனால் வெளிநாட்டு வரவு. சீக்கிரம் வளரும், ஆடு மாடு தின்னாது என்று சாலையோரத்திலும் பூங்காவிலும் வரிசையாக நட்டார்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா ஆகியவற்றையும் காரணம் காட்டி 2023இல் குஜராத் தடை விதித்தது; 2025இல் தமிழ்நாடும் தடுத்தது. என்னைக் கேட்டால், மரத்தைவிட ஒரே மரத்தை நூறு நட்ட புத்திதான் பெரிய குற்றம்.

இதைப் படித்துவிட்டுப் பனையில் யாரும் கோடாரி வைக்க வேண்டாம். அது மாநில மரம், வரப்பில் நிற்கட்டும். புதிதாகப் பூங்கா அமைக்கும் ஊராட்சிகள் பூவரசு, மகிழம், சரக்கொன்றை என்று கலந்து நடட்டும். ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் தும்முகிறவர்கள், சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை பற்றிக் கேட்கட்டும்.