லேசாக மாற்றிய பைக்குக்கு டைனோ ட்யூனிங் தேவையா?

போன வருஷம் என் இன்டர்செப்டர் 650-க்கு ரெண்டு பக்கமும் வேற சைலன்சர் மாட்டினேன். கூடவே, கழுவித் திரும்பப் போடும் வகை ஏர் ஃபில்டர். மாற்றம் அவ்வளவுதான். ஒரு வாரத்தில் புதுசாக ஒரு சத்தம் வந்தது. வேகமாகப் போய் ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்னாடி "பட், பட்" என்று வெடிக்கும். கூட வண்டி ஓட்டும் நண்பன் கேட்டுட்டு, "மச்சி, இன்ஜினுக்கு பெட்ரோல் பத்தலடா. டைனோல ஏத்தி ட்யூன் பண்ணிடு. இல்லன்னா பிஸ்டன் உருகிடும்" என்றான்.

விசாரித்தேன். பெட்ரோல் அளவை மாற்றும் சின்னப் பெட்டி, டைனோ வாடகை, ட்யூனர் கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குப் பக்கத்தில் சொன்னார்கள். எனக்கு அது ரெண்டு மாச வீட்டு வாடகை. உருகிடும் என்ற பயம் ஒரு பக்கம், காசு ஒரு பக்கம். கொடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

டைனோ எதை அளக்கிறது?

சாதாரண டைனோ என்பது ஒரு கனமான இரும்பு உருளை. பின் சக்கரத்தை அதன் மேல் வைத்துக் கட்டி, முழு ஆக்ஸிலேட்டர் கொடுப்பார்கள். உருளையைச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்பது முன்பே தெரியும். அது எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பதை வைத்து கணினி சக்தியைக் கணக்கிடும். இன்னொரு வகையில் உருளைக்கு மின்காந்த பிரேக் இருக்கும். இதில் "4000 ஆர்பிஎம், கால்வாசி ஆக்ஸிலேட்டர்" என்று ஒரே நிலையில் நிறுத்திவைத்தும் அளக்கலாம். நாம் தினமும் ஓட்டுவது இந்தக் கால்வாசி, அரைவாசியில்தான். அதைச் சரிசெய்ய இரண்டாவது வகை வேண்டும்.

டார்க்கும் சக்தியும் தனித்தனி அளவுகள் இல்லை. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். இன்டர்செப்டருக்கு 5250 ஆர்பிஎம்மில் 52 நியூட்டன் மீட்டர் என்று சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் 28.6 கிலோவாட், அதாவது 38 குதிரைத்திறன். அறிவிக்கப்பட்ட 47 குதிரைத்திறன் 7000 ஆர்பிஎம்முக்கு மேலேதான் வரும். அதுவும் இன்ஜினில் அளந்தது. கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் 10 முதல் 15 சதவீதம் வரை தின்றுவிடும். டைனோவில் 40, 42 என்று வந்தால் "வண்டி போச்சே" என்று பதற வேண்டாம். அது சரியான எண்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கு. சூடான நாளில் காற்று அடர்த்தி குறையும், சக்தியும் குறையும். அதை ஈடுகட்ட ஒரு திருத்தக் கணக்கு போடுவார்கள். எஸ்ஏஇ என்பது ஒரு திருத்தம், எஸ்டிடி என்பது இன்னொன்று. ஒரே ஓட்டத்துக்கு இரண்டாவது சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 41 குதிரைக்கு 4 சதவீதம் என்றால் 1.6 குதிரை. லேசான மாற்றத்துக்குப் பிறகு ட்யூனிங்கில் கிடைப்பதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு குதிரைதான். ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே, திரையில் ஒரு பட்டனை மாற்றி அந்த "லாபத்தை" காட்டிவிடலாம்!

ட்யூனர் எதை மாற்றுகிறார்?

இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியு-வில் ஒரு அட்டவணை இருக்கும். எந்த ஆர்பிஎம், எவ்வளவு ஆக்ஸிலேட்டர் என்பதைப் பார்த்து எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும் என்று அது சொல்லும். ட்யூனர் மாற்றுவது இந்த அட்டவணையை. நேரடியாக மாற்றலாம், இல்லை நடுவில் ஒரு பெட்டி வைத்து மாற்றலாம்.

கலவையை லாம்டா என்ற எண்ணால் சொல்வார்கள். 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரிவிகிதம். அதைவிடக் குறைந்தால் பெட்ரோல் அதிகம், கூடினால் காற்று அதிகம். நிதானமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஈசியு கலவையை 1-க்குப் பக்கத்தில் பிடித்துவைக்கும். சைலன்சர் மாற்றியதால் வரும் சின்ன வித்தியாசத்தை அது தானே சரிசெய்துகொள்ளும். சென்சாரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டி மாட்டினால், அந்தப் பகுதியில் பெட்டி செய்வதையும் ஈசியு திருத்திவிடும்!

முழு ஆக்ஸிலேட்டரில் கதை வேறு. அங்கே ஈசியு சென்சாரைப் பெரிதாகக் கேட்காது, அட்டவணைப்படியே தெளிக்கும். அங்கே 0.90 என்று வைத்திருந்ததாக எடுத்துக்கொள்வோம். புது சைலன்சராலும் ஃபில்டராலும் 3 சதவீதம் காற்று கூடினால் 0.93 ஆகும். இதில் பிஸ்டன் உருகாது.

ஆனால் கணக்குப் போடும்போது நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. என் வண்டி 2021 மாடல். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரிவிகிதம் 14.1 பங்கு காற்று. இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனாலுக்கு 13.5 தான். அதாவது அதே அட்டவணைக்கு கலவை இன்னும் 4 சதவீதம் காற்றுப் பக்கம் சாய்கிறது. என் சைலன்சர் செய்ததைவிட பெட்ரோல் பங்க் செய்தது அதிகம்! ரெண்டும் சேர்ந்தால் 0.97. உருகும் எல்லை இல்லைதான், ஆனால் வெயிலில் நெடுஞ்சாலையில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்ட அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. அதே சமயம் பல ஈசியு-க்கள் நிதானமாக ஓடும்போது கற்றுக்கொண்ட திருத்தத்தை ஓரளவு இங்கேயும் கொண்டுவரும். ஆக, பேப்பர் கணக்கு போதாது. அளந்தால்தான் தெரியும்.

நான் என்ன செய்தேன்?

ட்யூனிங் வேண்டாம், மூன்று ஓட்டமும் லாம்டா கிராஃபும் மட்டும் போதும் என்று கேட்டேன். ட்யூனிங் காசில் சின்னப் பங்குதான் ஆச்சு. முழு ஆக்ஸிலேட்டரில் 0.90-க்கும் 0.93-க்கும் நடுவில் நின்றது. டைனோ அண்ணன் கிராஃபைப் பார்த்துட்டு, "தம்பி, இதுக்கு மேல ட்யூன் பண்ணா கோடு அழகா வரும். ஓட்டும்போது உங்களுக்குத் தெரியாது. மொதல்ல அந்த ஜாயிண்ட்டப் பாருங்க" என்றார்.

சைலன்சர் குழாயோடு சேரும் இடத்தில் கருப்பாகப் புகைக்கறை. ஆக்ஸிலேட்டரை விடும்போது எரியாத கலவை கொஞ்சம் குழாய்க்குள் போகும். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து அதோடு சேர்ந்து வெடிக்கும். "பட், பட்" அதுதான். கேஸ்கெட் மாற்றி கிளாம்ப்பை இறுக்கினேன். சத்தம் கிட்டத்தட்ட நின்றே போச்சு.

அப்போ டைனோ ட்யூனிங் வீணா? இல்லை. ஏர் பாக்ஸையே எடுத்துவிட்டு முழு எக்ஸாஸ்ட் மாற்றியவர்கள், கேம் அல்லது பெரிய பிஸ்டன் போட்டவர்கள், ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள், ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் வண்டி திக்குகிறது என்பவர்கள் காசு கொடுக்கலாம். அவர்களுக்கு அட்டவணை நிஜமாகவே பொருந்தாது. சைலன்சரும் ஃபில்டரும் மட்டும் மாற்றியவர்கள் முதலில் ஜாயிண்ட்டைப் பாருங்க. சந்தேகம் தீரலன்னா அளக்க மட்டும் காசு கொடுங்க.

போகும்போது மூன்று விஷயம் கேளுங்க. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே நாளில், அதே மிஷினில் ஓட்டுவீங்களா? எந்தத் திருத்தக் கணக்கு? லாம்டா கோடு தருவீங்களா? மூன்றாவதற்கு "அதெல்லாம் எதுக்கு சார்" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிடுங்க.

மிச்சமான காசில் ரெண்டு டயரும் மாற்றினேன். முதல் மழையில் பிரேக் பிடித்தபோதே வித்தியாசம் தெரிந்தது.