கடலில் இறங்கிய கேட்டலினா

தாமல் ஏரியில் குப்புறக் குதித்து வயிறு சிவந்த பிள்ளைகளுக்குத் தெரியும், தண்ணீர் எவ்வளவு கடினமானது என்று. காற்றைவிட அது ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகமாக வந்து மோதினால், விலகி வழிவிட அதற்கு நேரமே இருக்காது. போரில் அடிபட்டுக் கடலில் இறங்கும் விமானம் இந்தத் தண்ணீரைத்தான் சந்திக்கிறது.

வேகத்தைக் குறைப்பதே விமானியின் முதல் வேலை. வேகம் பாதியானால் மோதும் அழுத்தம் கால்பங்காகிவிடும். சக்கரங்களை வெளியே நீட்டக் கூடாது; அவை நீரில் சிக்கி விமானத்தையே புரட்டிவிடும். பேரலைகளை எதிர்க்காமல், அவற்றின் முகடுகளுக்கு இணையாக, மூக்கைச் சற்றே தூக்கி இறங்க வேண்டும்.

தண்ணீர் அடிப்பதோடு நிற்பதில்லை, இழுக்கவும் செய்கிறது! விமானத்தின் வளைந்த அடிப்பாகத்தை ஒட்டி விரையும் நீர், வாலைக் கீழே உறிஞ்சும். பறக்கும் படகுகளை, அதாவது நீரிலேயே இறங்கி நீரிலிருந்தே எழும் விமானங்களை, வடிவமைத்தவர்கள் இதற்கு அழகான வழி கண்டார்கள். அடிப்பாகத்தில் குறுக்கே ஒரு 'படி' வெட்டினார்கள். அந்த விளிம்பில் நீர் பிரிந்துவிடும், இடையில் காற்று புகும், உறிஞ்சும் பிடி விட்டுப்போகும். கேட்டலினா அப்படிப்பட்ட பறக்கும் படகு. இறக்கையின் வீச்சு சுமார் 32 மீட்டர். நீரில் சாயாமல் தாங்கும் மிதவைகள், மேலே எழுந்ததும் மடங்கி இறக்கையின் நுனிகளாகவே மாறிவிடும். இதைவிட நேர்த்தியான சிக்கனத்தை நான் எந்த விமானத்திலும் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் சென்னையின் புழல் ஏரியிலிருந்தும் கேட்டலினாக்கள் பறந்தன.

1942 ஏப்ரல் 4. கனடாவின் லியோனார்ட் பர்ச்சால், இலங்கையின் கொக்கலையிலிருந்து ஒரு கேட்டலினாவில் ரோந்து சென்றார். தெற்கே வெகுதூரத்தில் ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டார். செய்தியை மூன்று முறை அனுப்புவது விதி. மூன்றாவது முறை பாதியில் இருக்கும்போதே குண்டு பட்டு வானொலிக் கருவி நொறுங்கியது.

எரியும் விமானத்தைப் பர்ச்சால் கடலில் இறக்கினார். நீருக்கென்றே பிறந்த உடல்தான். ஆனால் குண்டுகள் துளைத்த பிறகு எந்தப் படியாலும் அதை மிதக்க வைக்க முடியவில்லை. ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். நீந்தியவர்கள் மீதும் ஜப்பானின் சீரோ போர்விமானங்கள் சுட்டன, இருவர் இறந்தனர். ஒன்பது பேரில் ஆறு பேரை 'இசோகாசே' என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் சிறைபிடித்தது.

இரண்டு முறை முழுதாகப் போன அந்தச் செய்தியால், கொழும்புக்கு முந்தைய நாளே எச்சரிக்கை கிடைத்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் நகரின் மேல் வந்தன.