கப்பலில் ஒரு நூலும் கரையில் ஓர் ஊரும்

கடற்பயணம் செய்வோர் பலவகையர். வாணிகத்தின் பொருட்டுச் செல்வோர் உண்டு. தொழில் தேடிச் செல்வோரும் உண்டு. இவ்விரு நோக்கமும் இன்றி, ஓய்வு கொள்ளவும் ஊர்களைக் காணவும் கப்பலேறுவோரும் உளர். அவர்களை ஏற்றிச் செல்லும் உல்லாசக் கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடிப் பகலில் ஒரு துறைமுகத்தில் தங்கும். சில நாட்களில் எத்திசை நோக்கினும் நீலக் கடலன்றி வேறொன்றும் தோன்றாது. அந்நாட்களில் பயணிகளுக்கு உற்ற துணையாவது நூலே. மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கடற்காற்று வீச, நாவல் படிப்பது இப்பயணத்தின் இன்பங்களுள் ஒன்று. அவ்வாறு படித்த நாவல் பொழுதைப் போக்குவதோடு நின்றுவிடுமா? கரையில் இறங்கிய பின்னும் அதனால் பயன் உண்டா? ஒரு பழைய பயணத்தின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

1867ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'குவேக்கர் சிட்டி' என்னும் நீராவிக் கப்பல் நியூயார்க் நகரிலிருந்து புறப்பட்டது. மத்தியதரைக் கடலின் துறைமுகங்களைக் கண்டு திரும்புவதே அதன் நோக்கம். ஆளொன்றுக்குக் கட்டணம் 1,250 டாலர். கப்பலில் நூலகமும் இசைக்கருவிகளும் இருக்கும் என்று முன்னறிக்கை கூறிற்று. பயணிகளுள் ஒருவர் மார்க் ட்வைன். அப்பொழுது அவர் முப்பத்தோரு வயதுடைய செய்தித்தாள் எழுத்தாளர். ஏறத்தாழ ஐந்து திங்கள் நடந்த அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1869ஆம் ஆண்டில் வெளிவந்து அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

கப்பல் பிரெஞ்சு நாட்டின் மார்சேல்ஸ் துறைமுகத்தை அடைந்தது. அத்துறைமுகத்திற்கு எதிரே கடலில் ஒரு சிறு பாறைத் தீவு உண்டு. அத்தீவில் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பெற்ற இஃப் கோட்டை நிற்கின்றது. நகரைக் காப்பதற்கு எழுந்த கோட்டை, பிற்காலத்தில் சிறையாயிற்று. அலெக்சாண்டர் டூமா 1844 முதல் 1846 வரை செய்தித்தாளில் தொடர்ந்து எழுதிய 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' என்னும் நாவல் இக்கோட்டையை உலகறியச் செய்தது. எட்மண்ட் டான்டெஸ் என்னும் இளம் மாலுமி பொறாமை கொண்டோரின் பொய்ப்புகாரால் இக்கோட்டையில் அடைக்கப்படுகின்றான். பக்கத்து அறையிலிருந்து சுரங்கம் தோண்டிவரும் பாரியா என்னும் முதிய பாதிரியார் அவனுக்குப் பல கலைகளைக் கற்பிக்கின்றார். அவர் இறந்ததும், பிணத்தை இட்ட சாக்கில் தான் புகுந்துகொண்டு, கடலில் எறியப்பட்டு, பதினான்கு ஆண்டுச் சிறைவாழ்விலிருந்து அவன் தப்புகின்றான்.

மார்க் ட்வைன் படகேறி அக்கோட்டைக்குச் சென்றார். நாவலின் மாந்தர் இருந்ததாகக் கூறப்படும் ஈரம் கசியும் அறைகளைக் கண்டார். ஆனால், அவர் உள்ளத்தை உருக்கிய காட்சி வேறொன்று. சிறிதளவே ஒளி புகுந்த ஓர் அறையில், மனித முகத்தையே காணாமல் இருபத்தேழு ஆண்டுகள் ஒருவன் வாழ்ந்தான் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அக்கைதி அறையின் சுவர்களில் தரைமுதல் கூரைவரை மனிதர், விலங்குகள் ஆகியவற்றின் உருவங்களைச் செதுக்கியிருந்தான். சமயக் கொள்கைக்காகவும் அரசியல் காரணங்களுக்காகவும் எண்ணற்றோர் அக்கோட்டையில் துன்புற்றனர். டான்டெஸ் என்றும் வாழ்ந்தவன் அல்லன். அவன் பெயரை உலகம் அறியும். சுவரில் உருவம் செதுக்கியவனோ உண்மையில் துன்புற்றவன். அவன் பெயரைப் பலரும் அறியார். எனினும், இல்லாதவனைத் தேடிச் சென்றமையால் அன்றோ அங்கிருந்தவனின் துயரம் புலப்பட்டது? நாவல் வாயில்வரை அழைத்துச் சென்றது. அதற்கு அப்பால் கண்களே கண்டன.

பாரியா என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. நாவலில் அவர் இத்தாலியர். ஆனால், அப்பெயருடைய பாதிரியார் ஒருவர் உண்மையில் வாழ்ந்தார். அவர் 1756ஆம் ஆண்டில் நம் நாட்டின் கோவாவில் பிறந்தவர். பாரிஸ் நகரில் அறிதுயில் முறையை மக்கள்முன் செய்து காட்டிய அவர், அத்துயில் பிறருடைய ஆற்றலால் வருவதன்று, துயில்பவரின் மனத்திலிருந்தே எழுவது என்று விளக்கினார். 1819இல் அந்நகரிலேயே மறைந்தார். அவருடைய சிலை கோவாவின் பனாஜி நகரில் நிற்கின்றது. கதையில் வரும் ஒரு பெயரை ஆராய்ந்தவர்க்கு இவ்வாறு ஓர் அறிஞரின் வாழ்க்கை புலனாகின்றது.

நாவலைப் படித்து, கண்ணை மூடிக்கொள்வாரும் உண்டு. அத்தகையவரை எள்ளி நகையாடவே ஸ்பெயின் நாட்டின் செர்வாண்டிஸ் 'டான் குவிக்சாட்' என்னும் நாவலை எழுதினார். அதன் தலைவன், வீரர் கதைகளை ஓயாது படித்து, காற்றாலைகளை அரக்கர் என்று எண்ணிப் போர் தொடுத்தவன். 1615இல் வெளிவந்த அதன் இரண்டாம் பகுதியில், பார்சிலோனாத் துறைமுகத்தில்தான் அவன் முதன்முதலாகக் கடலைக் காண்கின்றான். அக்கடற்கரையிலேயே தோல்வியுற்று வீடு திரும்புகின்றான். செர்வாண்டிஸோ கடலை நன்கு அறிந்தவர். 1571இல் லெபாண்டோக் கடற்போரில் காயமுற்றவர். பின்னர்க் கடற்கொள்ளையரிடம் சிக்கி அல்ஜியர்ஸ் நகரில் ஐந்தாண்டுகள் சிறைப்பட்டவர். உலகைக் கண்ட ஒருவர், காணாது கற்பனையில் ஆழ்ந்த ஒருவனைப் படைத்தார்.

மார்சேல்ஸ், பார்சிலோனா ஆகிய இரு துறைமுகங்களிலும் இன்றும் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே அவை அங்குத் தங்கும். நூலறியாது இறங்குவோர்க்கு அங்குள்ளவை கல்லும் மண்ணுமே. நூலை மட்டும் நம்பி இறங்குவோர் கதை மாந்தரையன்றி வேறெவரையும் காணார். படித்ததை நெஞ்சில் கொண்டு, கண்ணைத் திறந்து வைத்திருப்பவரே ஊரையும் அங்கு வாழ்ந்தோரையும் உணர்வர். நூல் வழிகாட்டும், நடந்து சென்று காண வேண்டியவர் நாமே.