சென்னை – ஜித்தா: டிக்கெட் நேரமும் பறக்கும் நேரமும்

உம்ரா டிக்கெட் கைக்கு வந்ததும் பல வீடுகளில் ஒரு குழப்பம் வருகிறது. உதாரணமாக, சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஜித்தாவில் பகல் 1.30க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். திரும்பும்போது இரவு 10 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6 மணிக்குச் சென்னை என்று இருக்கும். போக மூன்றரை மணி நேரம், வர எட்டு மணி நேரமா?

இல்லை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுகிறார்கள். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே, போகும்போது கணக்கில் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டவும், வரும்போது கழிக்கவும். மேலே சொன்ன பயணத்தில் போக ஆறு மணி நேரம், வர ஐந்தரை மணி நேரம் ஆகிறது.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர் தூரம் சுமார் 4,450 கி.மீ. உயரே சென்றபின் விமானம் மணிக்கு 850 கி.மீ. அளவில் பறக்கும். ஏறவும் இறங்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் அரேபியாவின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசும். போகும்போது அது எதிர்க்காற்று. வரும்போது தள்ளிவிடும் காற்று.

இந்தக் கணக்கு எதற்கெல்லாம் உதவும்?

இஹ்ராம்: நேராக ஜித்தா செல்வோர், தரையிறங்குவதற்கு முன்பே வானில் மீகாத் எல்லையைக் கடக்கிறார்கள். விமானம் நிமிடத்துக்குச் சுமார் 14 கி.மீ. பறப்பதால், அந்த நேரத்தில் உடை மாற்றப் போனால் எல்லை தாண்டிவிடும். வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் உடையை அணிந்துகொள்ளுங்கள். எல்லை நெருங்குவதை அறிவித்ததும் நிய்யத் செய்யலாம். அறிவிப்பு வருமா என்ற சந்தேகம் இருந்தால் சற்று முன்பே செய்துவிடுங்கள். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டாம்.

மருந்து: சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் ஊர் நேரத்தை மட்டும் பார்த்து மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் இடைவெளி மாறிவிடும். புறப்படும் முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலின் கைப்பையிலேயே இருக்கட்டும். பெரிய பெட்டியோடு போனால் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம்.

நோன்பு: நோன்போடு பகலில் மேற்கே பறந்தால் அன்றைய பகல் நீளும். கடிகாரத்தைப் பார்த்து அல்ல, இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பிறகே நோன்பு திறக்க வேண்டும். முடியாதவர்களுக்குப் பயணத்தில் சலுகை உண்டு.

அழைத்துவர: நள்ளிரவு 12 மணிக்குப் பின் இறங்கும் விமானம் என்றால் தேதி மாறிவிடும். வண்டி சொல்லும் முன் தேதியை இருமுறை பாருங்கள். துபாய், தோஹா வழியாக மாறிச் செல்வோர் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜித்தா விமான நிலையத்திலிருந்து மக்கா இன்னும் ஏறத்தாழ 100 கி.மீ. வயதானவர்களை இறங்கியவுடனே உம்ராவுக்கு அவசரப்படுத்தாமல், சற்று ஓய்வெடுக்க விடுங்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை இலகுவாக்குவானாக.